பைல் மட்டும் நனையவில்லை

1

மழையில் நனைவதற்கென்றே ஒரு மனிதன் பாரிஸில் இருந்து இரண்டு விமானம் மாறி, அதற்கு மேலும் மூன்றரை மணித்தியாலம் காரில் போய், ஆள் நடமாட்டமே இல்லாத வெளியில் துணிக்கூடாரம் அடித்துப் படுத்துவிட்டு வந்தான் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால், ஆருக்கோ மூளை தட்டிவிட்டது என்பீர்கள். அந்த ஆள் நான்தான்.

வயது ஐம்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் சொல்வழி கேட்பதில்லை. பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில், இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சோஸ் வைக்கிற இடம் வரைக்கும் வந்திருக்கிறேன். சனி ஞாயிறு லீவு கேட்டால் எங்கள் ஷெப்பின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் கேட்டேன், ஏனென்றால் கூப்பிட்டது மகள்.

மயூரிக்கு இருபத்தைந்து. பாரிஸில் பிறந்து பாரிஸிலேயே தாதியர் படிப்பு முடித்தவள். ஒரு வருடம் மட்டும் என்று சொல்லித்தான் நோர்வேயின் வடக்கு மூலைக்குப் போனாள். அங்கே ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. வருடம் முடிந்தது, ஆள் வரவில்லை. சித்திரை கழிந்து ஒருநாள் தொலைபேசியில், அங்கே தன்னை நிரந்தரத் தாதியாக எடுக்கப்போகிறார்கள், டிப்ளோமை அனுப்புங்கோ என்றாள். படம் பிடித்து அனுப்பியது போதாதாம். மூலப்பிரதியை அந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிற ஒரு அம்மா கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமையைக் கடைசி நாளாகக் கொடுத்திருந்தார்கள். தவறினால் இடம் வேறு ஆளுக்கு.

பிரான்சில் இந்த டிப்ளோமை ஆயுளில் ஒரு தரம்தான் தருவார்கள். தொலைத்தால் இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு கிழமை கழித்து அவளே எடுத்தாள்.

"வீடு முழுக்கத் தேடியாச்சு பிள்ளை. காணேல்லை," என்றேன். "பெயின்ற் அடிக்கேக்கை எங்கையோ மாறிப்போச்சு போல."

பச்சைப் பொய். டிப்ளோம் என் கட்டிலுக்குக் கீழே, பைலுக்குள், அதன் கண்ணாடி உறையில் சுகமாக இருந்தது. மனைவி இந்திராவுக்குக்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. பைலில் பார்த்தாயிற்று, அதில் இல்லை என்றதும் அவள் நம்பிவிட்டாள், பாவம். அந்தப் பைலை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை. விடியப்புறம் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போய் வந்த களைப்போடு, அலுமாரி அலுமாரியாக இழுத்துப்போட்டு இரண்டு நாள் தேடினாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அந்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். சனம் என்ன சொல்லும், அங்கே யாரையாவது பிடித்துவிடுவாள், இதெல்லாம் லா சப்பலின் ரூ காய் தெருவில் தேத்தண்ணீர் குடிக்கிறபோது மற்றவர்களுக்குச் சொல்லுகிற காரணங்கள். உண்மையான காரணம் ஒன்றுதான். எனக்கு என் பிள்ளை பக்கத்தில் வேண்டும்.

மயூரி அன்றைக்குத் தொலைபேசியில், சரி அப்பா என்று வைத்துவிட்டாள். இரண்டு கிழமை கழித்து, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனி ஞாயிறு வாருங்கோ, காரில் வடக்கே போய்க் கூடாரம் அடிப்போம் என்று விமானச் சீட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். இடம் கைவிட்டுப் போன கவலையில் பிள்ளை தகப்பனைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இந்திராவுக்கு லீவு கிடைக்கவில்லை. மரக்கறி றோல்ஸ் இருபதும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்துவிட்டு, நல்லபடியாகக் கதைத்துக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

2

பைலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சண்டையில் யாழ்ப்பாணமே ஒரு மழை இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்ததே, அந்தச் சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஐயா எல்லாப் பத்திரங்களையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். கடைசியில் அந்தத் திறப்பு மட்டும்தான் எங்களோடு வந்தது. பிறகு நான் பிறந்தவன்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் அலைந்தேன். கிராம சேவகர் மாவட்டக் கச்சேரிக்குப் போ என்பார், கச்சேரியில் பழைய பதிவு அழிந்துவிட்டது, சத்தியக் கடதாசி கொண்டுவா என்பார்கள். பாரிஸுக்கு வந்தால் இங்கே வதிவிட அனுமதி தருகிற பிறெபெக்சரில் இன்னும் மோசம். விடியக் காலை நாலு மணிக்கு வரிசையில் நின்று, பத்து மணிக்கு முறை வந்து, ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அடுத்த முறை அந்தக் காகிதத்தோடு போனால், முதல் கொண்டுபோன காகிதத்துக்குத் தவணை முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே ஒரு இரவு படுப்பதென்றாலும் பைல் என்னோடு வரும். குடும்பத்தில் எல்லாருடைய பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, குடியுரிமைத் தாள், பிள்ளையின் பாலர் பாடசாலைப் புள்ளி அட்டை தொடக்கம் டிப்ளோம் வரை எல்லாம் அதில். ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடி உறையில். அதற்கு வெளியே பத்துக் கிலோ பாஸ்மதி அரிசி வந்த, இழுத்து மூடுகிற சிப் வைத்த பை. அந்தப் பை மாதிரித் தண்ணீர் போகாத பையை நான் இன்னும் காணவில்லை. அதற்கும் வெளியே கறுப்புக் குப்பைப் பை, இரண்டு முடிச்சு. மாமன் மகளின் கலியாணத்துக்கு லண்டன் போனபோதும் பைல் வந்தது. மயூரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னமே தொட்டிலுக்குப் பக்கத்தில் பைல் இருந்தது என்று இந்திரா இன்றைக்கும் பகிடி பண்ணுவாள். எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துப் பதினொரு வருடம் ஆகிறது. இனி யார் வந்து என்னைக் கேட்கப்போகிறார்கள். ஆனாலும் பழகிய கை கேட்காது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் து நோர் ரயில் நிலையத்தில் இருந்து றொய்சி விமான நிலையத்துக்கு ரயில் ஏறியபோது முதுகுப்பையின் அடியில் பைல் இருந்தது. அதற்குள் டிப்ளோமும் இருந்தது. ஒளிக்க வேண்டிய பொருளை, எவளிடம் இருந்து ஒளிக்க வேண்டுமோ அவளிடமே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஒஸ்லோவில் விமானம் மாறும்போதுதான் உறைத்தது. உண்மையாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் மூளையில் ஏறவே இல்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்குத்தான் வெற்றி. விசரன், விசரன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

3

த்ரொம்ஸோ விமான நிலையத்தில் மயூரி மஞ்சள் மழைக்கோட்டோடு நின்றாள். மெலிந்திருக்கவில்லை. மெலிந்திருப்பாள், அதையே பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கலாம் என்று விமானத்தில் நினைத்து வைத்திருந்தேன். முகத்தில் நல்ல களை. அன்றிரவு அவளுடைய சிநேகிதி வீட்டில் படுத்து, சனிக்கிழமை பதினொரு மணி கழிந்து அந்தச் சிநேகிதியின் பழைய காரிலேயே வடக்கே வெளிக்கிட்டோம். பூமிப் படத்தில் அதற்கும் மேலே ஒன்றும் இல்லை என்று நினைக்கிற இடத்தில் இருந்து இன்னும் வடக்கே.

அங்கே ஆனி மாதத்தில் இருட்டுவதே இல்லை. அதை நான் நம்பாமல் போனேன். முதல் நாள் படுக்கும்போது வானம் எப்படி இருந்ததோ எழும்பும்போதும் அப்படியே இருந்தது. அதோடு மழை. ஊரில் மாதிரிக் கொட்டித் தீர்த்துவிட்டு வெளிக்கிற மழை இல்லை. நாள் முழுக்கப் பொறுமையாக, ஒரு அளவோடு பெய்துகொண்டே இருக்கும். றோட்டின் இரண்டு பக்கமும் மனிதன் உயரம்கூட இல்லாத வெள்ளைத்தண்டு மரங்கள். மலையில் திட்டுத் திட்டாகப் பனி. ஒரு வளைவில் கலைமான்கள் பத்துப் பன்னிரண்டு றோட்டை மறித்துக்கொண்டு நின்றன. மயூரி ஹோர்ன் அடிக்கவில்லை. அவை போகும்வரை காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பாரிஸில் மெத்ரோக் கதவு மூட முன்னம் பாய்ந்து ஏறுகிற பிள்ளை அவள்.

பாதி வழியில் கதையைத் தொடங்கினேன். பாரிஸிலும் ஆஸ்பத்திரிகள் தாதிமாரைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன, பாரிஸ் புறநகர் வில்லியே லே பெல்லில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் எத்தனை பேர் அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள், வீட்டில் இருந்தே போய் வரலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் உய், உய் என்று பிரெஞ்சில் ஓம் போட்டாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள், அது சின்ன வயதில் இருந்து வந்த ஒழுங்கு. எங்களோடு தமிழில் கதைத்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம். அன்றைக்குப் பிரெஞ்சுதான். அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் மூன்று மணிபோல ஒரு ஏரிக்கரையில் காரை நிறுத்தி, இங்கேதான் என்றாள். ஒரு வேலி இல்லை, பலகை இல்லை. யாரிடம் அனுமதி எடுத்தாய் என்று கேட்டேன். யாரிடமும் இல்லை என்றாள். இந்த நாட்டில் வயலோ தோட்டமோ இல்லாத வெளிநிலத்தில் யாரும் கூடாரம் அடிக்கலாம், வீட்டில் இருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளியிருந்தால் சரி, இரண்டு இரவு தங்கலாம், நிலம் யாருடையது என்றாலும் ஒன்றுதான், சட்டத்திலேயே இருக்கிறது என்றாள்.

எனக்கு இது பிடிபடவே இல்லை. நிலச் சொந்தக்காரன் வந்து கேட்டால்? கேட்கமாட்டான். பொலிஸ் வந்தால்? வராது. அப்படியென்றால் அந்தச் சட்டத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கிறாயா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுளில் பாதியை, இங்கே இருக்கலாமா என்று கேட்டுக் கேட்டே கழித்தவன் நான். கேட்காமலே இருக்கலாம் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் புத்தி சொல்லுகிறது.

4

கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதில் முதல் சண்டை. அவள் ஒரு கல்மேட்டைக் காட்டினாள். ஏரி முழுக்கத் தெரியும் என்றாள். ஏரி நமக்குத் தெரிந்தால் றோட்டில் போகிறவனுக்கு நாங்கள் தெரிவோம் என்று எனக்கு யோசனை. பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மூன்று பக்கமும் மேடு, கீழே மெத்தை மாதிரிப் பாசி, காற்றும் இல்லை. யாருடைய கண்ணிலும் படாத இடம். முதுகுக்கு மெத்தென்று இருக்கும் என்று முழங்காலைச் சாட்டாகச் சொல்லி அங்கேதான் அடிக்கவைத்தேன்.

கூடாரம் எழும்பி ஒரு மணித்தியாலம் இருக்காது. மேட்டின்மேல் ஒரு ஆள். எழுபது வயது மதிக்கலாம், மழைத்தொப்பி, கையில் பிடித்த கயிற்றில் நாய். என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். வாய் தன்பாட்டில், "உய் ஷெப்," என்றது. குசினியில் ஷெப் எது சொன்னாலும் அதையே இருபது வருடம் சொல்லிச் சொல்லி, பயம் வந்தால் எனக்கு அதுதான் வரும். கை முதுகுப்பைக்குள் போய்ப் பைலைத் தொட்டுவிட்டது. கடவுச்சீட்டைக் காட்டவா, குடியுரிமைத் தாளைக் காட்டவா என்று மனம் வரிசைப்படுத்துகிறது. அதற்குள் மயூரி காரடியில் இருந்து ஓடிவந்து அவருடைய மொழியில் கதைத்தாள். அவர் தலையாட்டிவிட்டு நாயோடு போய்விட்டார்.

நல்ல மழை வரப்போகிறது, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் சேரும், மேலே அடியுங்கோ என்று சொன்னாராம். எழுப்பிக் கலைப்பதற்கு எல்லா இடத்திலும் இப்படித்தான் மரியாதையாகத் தொடங்குவார்கள் என்று நான் வாதாடினேன். மேலே போனால் அடுத்ததாக அங்கேயும் இருக்கக்கூடாது என்பார்கள். மயூரி என்னைப் பார்த்தாள். முதுகுப்பைக்குள்ளேயே இருந்த என் கையையும் பார்த்தாள். சரி அப்பா, உங்கள் விருப்பம் என்று பிரெஞ்சில் சொல்லி விட்டுவிட்டாள்.

சின்ன வாயு அடுப்பில் அரிசி வேகவைத்து, இந்திரா தந்த கத்தரிக்காய்ப் பொரியலைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். மழைச் சத்தம். கூடாரத்தின் வாயில் இருந்துகொண்டு அவள் கையால் சாப்பிட்டாள், விரலைச் சூப்பினாள், அம்மாவின் கறித்தூள் அங்கே கிடைக்காது என்றாள். இதுதான் நேரம் என்று நினைத்து, எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அவள் கோப்பையை மழைத் தண்ணீரில் கழுவப் போய்விட்டாள். நான் பைலைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன்மேல் படுத்தேன். வெளிச்சத்தில் எப்படி நித்திரை வரும் என்று நினைத்ததுதான் தெரியும், குறட்டை விட்டுவிட்டேன்.

5

ஐந்து மணிபோல முதுகில் குளிர் ஏறியது. கையை ஊன்றினால் தண்ணீர். மெத்தை மாதிரி இருந்த பாசிக்குள் இருந்து தண்ணீர் ஊறிக்கொண்டு வருகிறது, மூன்று பக்க மேட்டில் இருந்தும் வழிகிறது. கூடாரத்தின் தரைத்துணி வீங்கி எழும்பி நிற்கிறது.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். தலையணையைத் தூக்கினேன், பைலை எடுத்தேன், மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து அந்தக் கல்மேட்டுக்கு ஏறிவிட்டேன். முழங்கால் நோகவே இல்லை. மேலே நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை கணுக்கால் தண்ணீருக்குள் தனியாக நின்று படுக்கைப் பைகளை இழுக்கிறாள், கம்பிகளைப் பிடுங்குகிறாள், என்னுடைய சப்பாத்துகளைத் தேடுகிறாள். தகப்பன் மேலே பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா பார்த்தாள். பிறகு என் சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, கிடைத்துவிட்டது என்று சைகை செய்தாள். நான் இறங்கிப் போய் மிச்சத்தைத் தூக்கினேன்.

காருக்குள் ஹீட்டரைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் இருந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. உடுப்பு, படுக்கை, செருப்பு எல்லாம் பின்சீட்டில் சொட்டிக்கொண்டு இருந்தன. பைல் என் மடியில். அவள் ஆறிப்போன றோல்ஸ் ஒன்றை எனக்குத் தந்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். என்னால் கடிக்க முடியவில்லை.

"அது இதுக்குள்ளைதான் இருக்குது பிள்ளை," என்றேன்.

"தெரியும்."

தமிழில் சொன்னாள். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"காணேல்லை எண்டு நீங்கள் போனிலை சொன்ன அண்டைக்கே தெரியும். நீங்கள் ஒரு பேப்பர் துலைக்கிற ஆளோ அப்பா? என்ரை முதல் பல்லுக் கொட்டின தேதி கூட எழுதி வச்சிருக்கிறீங்கள்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் இன்னொரு பொய் சொல்லுவீங்கள். எனக்கு அது விருப்பமில்லை." றோல்ஸைக் கடித்து மென்று விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். "பைல் இல்லாமல் நீங்கள் ஒரு ராவும் வெளியிலை படுக்கமாட்டீங்கள். அதுதான் கூப்பிட்டனான்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பொய் சொன்னவன் நான், ஆனாலும் எனக்குத்தான் கோபம் வந்தது. மனிதனின் குணம் அப்படி. "அப்ப அந்த டிப்ளோமுக்குத்தான் கூப்பிட்டனி. என்னைப் பாக்க இல்லை."

"அதுக்கும்தான்," என்றாள். "உங்களைப் பாக்கவும்தான்."

"நான் நித்திரையிலை இருக்கேக்கை எடுத்திருக்கலாமே."

"ஓம். கை வச்சனான். தலையணைக்குக் கீழை. பேந்து விட்டிட்டன்." அவளுடைய தமிழ் மெதுவாகத்தான் வரும், ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ எடுத்து வைப்பாள். "நீங்கள் தந்தால்தான் எனக்கு அங்கை போய் வேலை செய்ய மனம் வரும் அப்பா."

மழை கூரையில் அடித்துக்கொண்டு இருந்தது. இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதல் முறையாக, பதில் வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள், வேகமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் என்று நினைக்கிறேன். பாரிஸில் படித்த காலத்தில் பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில், ஒரு அறையில் இருந்து மற்ற அறைக்கு ஓடுவதுதான் வேலையாக இருந்ததாம். ஒரு கிழவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தபோது, நேரமில்லை என்று கையை விடுவித்துக்கொண்டு போனாளாம். திரும்பி வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்ததாம். அதை வீட்டில் சொன்னாளா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னாள். நான் அன்றைக்கு, இதெல்லாம் பழகிவிடும் என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தவன்.

இங்கே ஒரு கிழவி சாப்பிட்டு முடிக்கும் மட்டும் பக்கத்தில் இருக்கத் தனக்கு நேரம் தருகிறார்கள் என்றாள். சில நாள் முக்கால் மணித்தியாலம் எடுக்குமாம். யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லையாம்.

ஒரு வருடம் என்றுதானே போனாய், திரும்பி வருவாயா என்று கேட்டேன். இதைத்தான் இரண்டு நாளும் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

"தெரியாது அப்பா," என்றாள், திரும்பவும் தமிழில். "வருவன் எண்டு சொல்லலாம். ஆனால் அதுவும் நீங்கள் காணேல்லை எண்டு சொன்ன மாதிரித்தான் இருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, அந்தக் காருக்குள் மறைக்க இடமும் இல்லை. அவள் டிஷூ தேடினாள், எல்லா டிஷூவும் நனைந்து கூழாகி இருந்தது. தன் சட்டையின் கைப்பகுதியை இழுத்து என் முகத்தைத் துடைத்தாள், அதுவும் ஈரம்.

6

குப்பைப் பையின் முடிச்சை அவிழ்த்தேன். பாஸ்மதிப் பையின் சிப்பை இழுத்தேன். அந்தக் காரில் காய்ந்திருந்த ஒரே பொருள் அந்தப் பைல்தான். தாள்களைப் புரட்டும்போது அப்பளம் மாதிரிச் சத்தம் கேட்டது. மயூரிக்குச் சிரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் தோய்ந்துபோய் இருக்கிறோம், பாலர் பாடசாலைப் புள்ளி அட்டையில் ஒரு துளி இல்லை என்றாள். டிப்ளோம் பின்பக்கத்தில் இருந்து மூன்றாவது உறையில் இருந்தது. உறையோடேயே இழுத்து அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கை வெறுமையாகப் போனது ஒரு மாதிரியாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பைலுக்குள் காகிதம் போயிருக்கிறதே தவிர, ஒன்றும் வெளியேறியதில்லை. அந்தச் சங்கடத்தை மறைக்க எப்போதும் சொல்லுகிற ஒன்றைச் சொன்னேன். ஒரு அலுவலகத்திலும் ஒறிஜினலைச் சும்மா கொடுத்துவிட்டு வரக்கூடாது, பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது லா சப்பலில் புதிதாக வருகிற பெடியன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம். பகிடிக்குத்தான், ரசீது எழுதித் தா என்றேன்.

அவள் பகிடியாக எடுக்கவில்லை. காரின் முன்தட்டுக்குள் கையை விட்டு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தாள். ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்து எழுதத் தொடங்கினாள். நேரம் எடுத்தது. எட்டிப் பார்த்தேன், தமிழில் எழுதிக்கொண்டு இருந்தாள். புதன்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுப் பத்துப் பதினொரு வருடம் இருக்கும், அதற்குப் பிறகு அவள் தமிழில் ஒரு வரி எழுதி நான் காணவில்லை. எழுத்துகள் பெரிதாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, சின்னப் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி இருந்தன. ஒரு இடத்தில் நிறுத்தி, ‘ற’ எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டாள். அவளுடைய உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். தலையைக் குனிந்து திரும்ப எழுதினாள். வெளியே மழை விடவில்லை, மத்தியானத்துக்குள் என்னை விமான நிலையத்தில் இறக்க வேண்டும், அவள் அவசரப்படவில்லை.

முடித்து, கிழித்து, கையெழுத்து வைத்துத் தந்தாள். பைலுக்குள் வைக்க முன்னம் வாசித்தேன்.

‘மயூரி ஆகிய நான் என்ரை டிப்ளோம் ஒண்டை இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிட்டை இருந்து பெற்றுக்கொண்டன். அப்பா வீடு முழுக்கத் தேடிக் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்து தந்தவர்.’

கடைசி வரியைத் திரும்ப வாசித்தேன். இதை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவள் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துக்கொண்டு, காரை ஸ்டார்ட் பண்ணினாள்.

"எங்கை இருந்தது எண்டு அம்மா கேப்பா. இதை வாசிப்பாதானே அப்பா," என்றாள்.